என் கையை ஒடித்த அண்ணனுக்கு

அண்ணே,

போன வாரம் தேனிக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் வந்து உட்கார்ந்த ஆளுக்கு நகமெல்லாம் நீலமாக இருந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தைத் திராட்சைக்கு அடிக்கிறவர்களிடம் வரும் வாடை, குளித்தாலும் போகாது. அது மூக்கில் ஏறியதும் என் இடது கை தானாக மடங்கி மார்போடு ஒட்டிக்கொண்டது. எந்த ஊர் என்று கேட்டேன். சுருளிப்பட்டி என்றார். உடனே உங்களை விசாரித்தேன். மலையடிவாரத்துத் திராட்சைத் தோட்டம், நெற்றியில் தழும்பு, பேசினால் ரெண்டு தெருவுக்குக் கேட்கும் என்று அடையாளம் சொன்னேன்.

“அவுகளா? அவுக போயிட்டாகளே, தையிலயே. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாக, அவ்வளவுதேன்” என்றார்.

துக்கத்துக்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நெஞ்சு வலியில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் சாகிற ஆளா நீங்கள்? நான் பார்த்த நாளெல்லாம் யாரையாவது திட்டிக்கொண்டிருந்தீர்கள், இல்லையென்றால் அடிக்கக் கை ஓங்கிக்கொண்டிருந்தீர்கள். சாவோடும் நாலு சாத்து சாத்திவிட்டுத்தான் போயிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு அழுதேன். நான் எதற்கும் லேசில் அழுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

நாம் சந்தித்தது செல்போன் உங்கள் ஊர் வரை ஏறி வராத காலம். தேனியில் வற்றல் மிளகாய் மண்டி வைத்திருந்த வீட்டுப் பெண் நான். கல்லூரி முடித்ததும் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அதிலிருந்து தப்பிக்கத்தான் உங்கள் தோட்டத்துக்கு மேலே இருந்த அந்தப் பண்ணைக்கு வந்து சேர்ந்தேன். ஒரு வருடம் அங்கேயே தங்கி, வேலை செய்து, பெர்மாகல்ச்சர் என்கிற இயற்கை வேளாண்மை முறையைப் படிக்க வேண்டும். நடத்தியவர் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர், மலையாளி. நாங்கள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு நாங்கள் ஆறு பேர் சீடர்கள்.

இயற்கையோடு இசைந்து சாந்தமாக வாழப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வந்தவளுக்கு முதல் நாளே கையில் அரிவாளைக் கொடுத்தார்கள். அங்கே நான் முதலில் கற்றது வெட்டுவதுதான். அகத்தியையும் கிளைரிசிடியா என்கிற தழைமரத்தையும் வளர்ப்பதே வெட்டுவதற்குத்தான். ஆள் உயரம் வந்ததும் இடுப்பளவில் வெட்டிப் பழமரங்களின் காலடியில் போட வேண்டும். துளிர்த்தால் மறுபடியும் வெட்ட வேண்டும். வெயில் மண்ணைத் தொடக்கூடாது, மண் அம்மணமாகக் கிடக்கக்கூடாது என்பார் டீச்சர். மற்றவர்கள் மரத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெட்டினார்கள். நான் பெண் பார்க்க வந்தவர்களின் முகங்களை நினைத்துக்கொண்டு வெட்டினேன். ஒரே மாதத்தில் அந்தப் பண்ணையில் என்னை மிஞ்சி வெட்ட ஆள் இல்லை.

கோடையில் மட்ட வாய்க்கால் தோண்ட ஆரம்பித்தோம். மூன்று கம்புகளை A எழுத்து மாதிரி சேர்த்துக் கட்டி, நடுவில் நூலில் கல்லைத் தொங்கவிட்டு, சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் அடையாளம் வைத்துக்கொண்டு போவோம். அந்தக் கோட்டில் தோண்டி, எடுத்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கரையாகப் போட்டால், மலையிலிருந்து வரும் மழைநீர் ஓடாமல் நின்று மண்ணுக்குள் இறங்கும். ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று வாய்க்கால். கையெல்லாம் கொப்புளம். நீங்கள் கீழே உங்கள் பந்தலின் கல்தூணில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்ப்பீர்கள்.

“என்னத்தா, மலைக்குக் கோவணம் கட்டுறீகளா?” என்று கேட்டீர்கள் ஒருநாள்.

“ஆமா, அம்மணமா நிக்குதுல்ல” என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். நமக்குள் நடந்த முதல் பேச்சு அதுதான். அப்போதே நான் கீழே இறங்கி வந்து, மலைத்தண்ணீரை நம்பிக் கிடந்த உங்கள் குட்டையைப் பார்த்திருந்தால் பிறகு நடந்தது எதுவும் நடந்திருக்காது. ஆனால் அந்தக் குட்டையைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் ஆறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நிரம்பினால் உபரித் தண்ணீர் மறுகால் போக வேண்டிய இடத்தை டீச்சர் வடக்கே, ஓடையைப் பார்த்து வைத்தார். தண்ணீர் ஓடையில் போய்ச் சேர்வதுதான் முறை என்று அவர் படித்திருந்தார், எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்.

ரெண்டு வருடம் ஏமாற்றிய மழை அந்த வருடம் கூடி வந்தது. அதை நம்பி நீங்கள் திராட்சைக் கொடிகளை ஒட்ட நறுக்கிக் கவாத்து வெட்டிவிட்டீர்கள். வெட்டிய கொடிக்குத் தண்ணீர் காட்டாவிட்டால் துளிர்க்காமல் பந்தலிலேயே கருகும். மலைத்தண்ணீர் உங்கள் குட்டையில் விழ வேண்டும், குட்டையிலிருந்து கிணறு ஊற வேண்டும். உங்களிடம் இருந்த ஒரே வழி அதுதான். விடிய விடியப் பெய்தது. காலையில் எங்கள் வாய்க்கால் மூன்றும் கண்ணாடியாக நின்றன. நாங்கள் கைதட்டிக் குதித்தோம். அதே நேரத்தில் நீங்கள் ஈரம்கூட இல்லாத குட்டையின் நடுவில் நின்றிருக்கிறீர்கள்.

மண்வெட்டியோடு ஏறி வந்தீர்கள். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. கீழ் வாய்க்காலின் கரையில் முதல் வெட்டுப் போட்டபோது எனக்கு என் முதுகிலேயே விழுந்த மாதிரி இருந்தது. ஓடி வந்து உடைப்பில் நின்றுகொண்டேன்.

“தள்ளு” என்றீர்கள்.

“யோவ், யார் நெலத்துல யாருய்யா நீ?”

“தள்ளிப் போத்தா. பொம்பளைப் பிள்ளைன்னு பாக்குறேன்.”

“பாக்காத!”

அதற்குப் பிறகு முதலில் அடித்தது யார் என்ற வழக்கு நமக்குள் கடைசி வரை தீரவில்லை. மண்வெட்டியின் காம்புதான் முதலில் என் கையில் விழுந்தது என்பது என் கட்சி. கல்தான் முதலில் வந்தது என்பது உங்கள் கட்சி. ரெண்டு பேருக்கும் ஒப்புதலான சங்கதி, என் முழங்கைக்குக் கீழே எலும்பு ஒடிந்தது, உங்கள் நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. அப்படியும் நீங்கள் கண்ணைத் துடைத்துவிட்டு மிச்சக் கரையையும் உடைத்தீர்கள். நான் வலது கையால் சேற்றை அள்ளி அடைத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் நடுவில் விழுந்து கத்தின பிறகுதான் ரெண்டு பேரும் நின்றோம். அதற்குள் தண்ணீரெல்லாம் காட்டில் பரவிப் போய்விட்டது. உங்களுக்கும் கிடைக்கவில்லை, எங்களுக்கும் மிஞ்சவில்லை.

கம்பத்துக்குப் போக அந்த நேரத்தில் பால் வண்டி ஒன்றுதான் இருந்தது. நம் இருவரையும் அதிலேயே ஏற்றினார்கள். பால் கேன்களுக்கு அந்தப் பக்கம் நெற்றியில் துண்டோடு நீங்கள், இந்தப் பக்கம் கையைத் தாங்கிக்கொண்டு நான். வழி முழுக்க வாய் ஓயவில்லை. என் பரம்பரையை நீங்கள் கழுவி ஊற்றினீர்கள், உங்கள் பரம்பரையை நான். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது வலி தாங்காமல் அலறினேன். நீங்கள் திட்டுவதை நிறுத்திவிட்டு, “ஏலே, மாடா ஓட்டுற? பிள்ளைக்குக் கை ஒடிஞ்சு கெடக்குல்ல, பையப் போடா!” என்று ஓட்டுநர்மேல் பாய்ந்தீர்கள். ஒடித்தவரே அதட்டுகிறார் என்று அவர் கண்ணாடியில் மறுபடி மறுபடி பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டார்.

“நாந்தேன் அடிச்சேன். இந்தப் பிள்ளையும் சும்மா இல்ல, மண்டைய ஒடச்சிருச்சு” என்றீர்கள்.

“அப்ப போலீஸுக்குச் சொல்லணும்.”

“சொல்லுங்க சார். ஆனா கவாத்துக்குத் தண்ணி காட்டுற வரைக்கும் என்னைய உள்ள வைக்கக் கூடாது.”

வழுக்கி விழுந்தேன் என்று நான் குறுக்கே சொன்னேன். உங்கள்மேல் இரக்கப்பட்டு இல்லை, அண்ணே. போலீஸ் என்று ஒரு வார்த்தை தேனிக்குப் போனால் அப்பா அன்றைக்கே வந்து அள்ளிக்கொண்டு போய் எவனுக்காவது கட்டி வைத்துவிடுவார். “ரெண்டு பேரும் ஒரே எடத்துலயா வழுக்குனீங்க?” என்று டாக்டர் கேட்டார். “ஆமா, வாய்க்கால்ல” என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு மாவுக்கட்டுப் போட்டார்.

வெளியே பெஞ்சில், கட்டு காய்வதற்காகக் காத்திருந்தபோது, முதல் தடவையாகக் கத்தாமல் பேசினீர்கள்.

“தண்ணிய நீங்க நிறுத்துனதுகூட எனக்கு ஆத்திரம் இல்லத்தா. ஒரு கோடை பூரா தோண்டுனீக. கீழ ஒருத்தன் இருக்கானே, அவனுக்கு என்ன ஆகும்னு ஒரு வாய் கேட்டீகளா? நானும் தெனம் அங்கனதேன நின்னேன்?”



பண்ணைக்குத் திரும்பியதும் டீச்சரிடம் சொன்னேன். மறுகாலைத் திருப்பி உங்கள் குட்டைக்கு விட்டுவிடலாம், அந்தக் கொடிகள் பிழைக்கட்டும் என்று. அவர் கேட்கவில்லை. “பற்றில்லா மோளே, முடியாது. இன்னிக்குக் கைய ஒடிச்சா நாம வாய்க்கால மாத்துவோம். நாளைக்குக் கால ஒடிப்பான். அப்ப என்ன மாத்துவோம்?” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கரையை அடைத்து, இன்னும் உயர்த்திக் கட்டச் சொன்னார். மற்ற ஐந்து பேரும் கட்டினார்கள்.

அடுத்த மழை ஒரு மத்தியானம் வந்தது. எல்லோரும் கொட்டகைக்குள் ஓடினார்கள். நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கீழ் வாய்க்காலுக்குப் போனேன். உங்கள் குட்டைக்கு நேர் மேலே ஒற்றைக் கையால் கரையைக் குத்திக்கொண்டிருந்தேன். குத்துகிற ஒவ்வொரு குத்துக்கும் ஒடிந்த கையில் உயிர் போனது. தலைக்கட்டோடு நீங்கள் ஏறி வந்தீர்கள். என்னை அங்கே எதிர்பார்க்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

“ஒத்தக் கையில என்னத்த நோண்டுற? தள்ளு” என்றீர்கள். இந்தத் தடவை நான் தள்ளி நின்றேன்.

மேலே ரெண்டு வாய்க்காலும் நிரம்பிக் கீழே வழிந்துகொண்டிருந்ததை நாம் பார்க்கவில்லை. ஒரு முழம் திறந்ததும் மிச்சக் கரையைத் தண்ணீரே உடைத்துக்கொண்டது. உங்கள் மண்வெட்டி போயிற்று, என் கடப்பாரை போயிற்று, அடுத்து நான் போனேன். வாயிலும் மூக்கிலும் செம்மண். ஒரு கல்லில் மோதி, இன்னொன்றில் மோத இருந்தபோது என் தலை பின்னால் வெட்டி இழுபட்டது. நீங்கள் என் சடையைப் பிடித்திருந்தீர்கள். தண்ணீர் ஒரு பக்கம் இழுக்க, நீங்கள் மறுபக்கம் இழுக்க, உச்சந்தலை கழன்றுவிடும் என்றுதான் நினைத்தேன். கரையில் போட்டதும் வலியில் உங்களை எட்டி உதைத்தேன். நீங்களும் பதிலுக்குக் கெட்ட வார்த்தை சொன்னீர்கள். நன்றி சொல்லிக்கொள்ளும் பழக்கம் நம் இருவருக்குமே இல்லை.

தண்ணீர் நாங்கள் நட்ட பப்பாளி, முருங்கை, வாழைக்கன்று எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு உங்கள் குட்டையில் போய் விழுந்தது. குட்டையின் கரையிலும் ஒரு ஓரத்தைத் தின்றது. வந்த தண்ணீரில் பாதிதான் நின்றது. நீங்கள் அதைப் பார்த்தபடி அந்த மழையில் நின்றீர்கள். “போதும்த்தா. இது போதும்” என்றீர்கள். உங்கள் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

டீச்சர் மறுநாள் அந்த உடைப்பைப் பார்த்துவிட்டு என்னை ஒரு அறை அறைந்தார். பிறகு அவரே அழுதுகொண்டு என் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தார். ஒரு வருடப் படிப்பு அத்தோடு முடிந்தது. பேருந்து நிறுத்தத்துக்கு நீங்களும் வந்தீர்கள். ஆறுதலாக ஏதோ சொல்லப்போகிறீர்கள் என்று நினைத்தேன். “நீ எங்கன போனாலும் வம்பு வளக்காம இருக்க மாட்ட” என்றீர்கள்.

அப்புறம் ஒருதரம்தான் பார்த்தோம். தேனிச் சந்தைக்குத் திராட்சை கொண்டு வந்தவர், எங்கள் மண்டியைத் தேடிப்பிடித்து வந்தீர்கள். நான் வழுக்கி விழுந்ததாகவே நம்பிக்கொண்டிருந்த அப்பாவிடம், “ஒங்க மகதேன் என் மண்டைய ஒடச்சது” என்று நெற்றியைக் காட்டிப் பெருமையாகச் சொன்னீர்கள். அப்பாவுக்கு மூச்சு நின்று வந்தது. டீச்சர் அந்த உடைப்பிலேயே கல் வைத்து மறுகால் கட்டிவிட்டதாகவும், கல்லைச் சுமந்து கொடுத்தது நீங்கள்தான் என்றும், கட்டி முடிக்கும் வரை தினமும் சண்டை என்றும் சொன்னீர்கள். நான் தனியாக நிலம் வாங்கப் போகிறேன் என்றேன். “மேட்டுல வாங்கு. கீழ வாங்குனா ஊரே தாங்காது” என்றீர்கள்.

நான் கீழேதான் வாங்கினேன், அண்ணே. கோம்பைப் பக்கம், மலைச் சரிவின் அடியில். இந்த வருடம் எனக்கு மேலே இருக்கும் நிலத்தைச் சென்னையிலிருந்து ஒரு சின்னஞ்சிறு ஜோடி வாங்கி, ஜேசிபி வைத்து வாய்க்கால் தோண்டுகிறார்கள். நல்ல பிள்ளைகள். ஒருதரம் வெறுங்கையோடு போய் என் கிணற்றைப் பற்றிச் சொன்னேன். கட்டாயம் பார்க்கிறோம் ஆன்ட்டி என்றார்கள். எனக்கு டீ போட்டுக் கொடுத்து, மட்டம் என்றால் என்ன என்று விளக்கினார்கள்.

நீங்கள் போன சேதி கேட்டு மூன்றாம் நாள் மழை பெய்தது. என் கிணற்றுக்கு ஒரு சொட்டு வரவில்லை.

படித்ததை எல்லாம் மறந்தாலும் உங்கள் ஆத்திரம் எனக்குள் அப்படியே இருக்கிறது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். யாரிடமும் பேசவில்லை. கரையில் முதல் வெட்டுப் போட்டேன். ரெண்டு பேரும் வீட்டிலிருந்து ஓடி வந்தார்கள். பையன் நின்றுவிட்டான். அந்தப் பெண் நிற்கவில்லை. உடைப்பில் வந்து நின்று, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே குனிந்து ஒரு கல்லை எடுத்தாள்.

என் கையில் மண்வெட்டிக் காம்பு ஓங்கியபடி இருந்தது. அதை வீசுவதற்குள் நாங்கள் ஒருநாளும் இறங்கி வந்து பார்க்காத உங்கள் குட்டை ஞாபகம் வந்தது; காம்பை மண்ணில் ஊன்றினேன்.

“எறி. ஆனா எறியறதுக்கு முன்னால ஒருக்கா கீழ வந்து என் கெணத்தப் பாரு. பாத்துட்டு எறி” என்றேன்.

நான் திரும்பி நடந்தேன். கல்லைக் கீழே போடாமலே அவள் என் பின்னால் இறங்கி வந்தாள்.