மிச்சம் வைத்த மூச்சு

மார்ச் 3, செவ்வாய்

நேற்று முதல் கட்டிலில் நான் தனி ஆள். அவர் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஹால் சோபாவுக்குக் குடிபோய்விட்டார். கோபமெல்லாம் இல்லை. "நீ புரள்றதுல ராத்திரி பூரா கட்டில் ஆடுது. விடிஞ்சா பஸ் நிறைய பிள்ளைங்களை வெச்சு ஓட்டணும். நேத்து சிக்னல்ல கண்ணு சொக்கிடுச்சு, பயந்துட்டேன்" என்றார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவரிடம் இதற்கு மேல் என்ன வாதாடுவது? போகிற போக்கில், "நீ தூங்க ஆரம்பி, அடுத்த நிமிஷம் வந்துடறேன்" என்று ஒரு வாக்குறுதி வேறு.

கட்டில் முழுக்க எனக்குத்தான். குறுக்காகப் படுத்துப் பார்த்தேன். குறுக்காகவும் தூக்கம் வரவில்லை.

மார்ச் 5, வியாழன்

ஹாலிலிருந்து குறட்டை. கதவைச் சாத்தினாலும் கேட்கிறது. தலையைச் சாய்த்தார் என்றால் ஆள் போயே போச்சு. எனக்கு வயிறு எரிகிறது.

மார்ச் 6, வெள்ளி

கழுத்துவலி தாங்காமல் பிசியோதெரபிஸ்டிடம் போனேன். சின்னப் பெண். கழுத்தின் பக்கவாட்டை அழுத்திப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கயிறு மாதிரி முறுக்கிக்கிட்டு இருக்கு! இதை வெச்சுக்கிட்டு எப்படித் தூங்கறீங்க?" என்றாள். தூங்குவதில்லை என்றேன்.

மல்லாக்கப் படுக்கவைத்து, ஒரு கையை நெஞ்சிலும் மறு கையை வயிற்றிலும் வைத்து மூச்சு விடச் சொன்னாள். நெஞ்சுக் கை ஏறி ஏறி இறங்கியது. வயிற்றுக் கை தேமே என்று கிடந்தது.

"மேல் நெஞ்சாலயே மூச்சு விடறீங்க. கழுத்துதான் அதை இழுத்துத் தூக்குது. படுத்தாலும் அதுக்கு லீவு கிடையாது. உங்களுக்கு மூச்சு விடக் கத்துக்கொடுக்கணும்."

எனக்கா? வானொலியில் இத்தனை வருஷமாகச் சாயங்காலச் செய்தி வாசிக்கிறவளுக்கா? மூச்சுதானே என் பிழைப்பு! அமைச்சரவைத் தீர்மானத்தை முதல் சொல்லிலிருந்து முற்றுப்புள்ளி வரை ஒரே தம்மில் வாசிப்பவள் நான். ரோஷத்தோடு விருட்டென்று எழுந்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. அந்தப் பெண்ணே தாங்கிப் பிடித்து உட்காரவைத்தாள்.

மார்ச் 9, திங்கள்

வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறாள். முழங்காலுக்கு அடியில் தலையணை. மூக்கால் இழுக்கும்போது வயிறு எழும்ப வேண்டும். உதட்டைக் குவித்து, சூடு ஆற்றுவதுபோல் மெல்ல வெளியே விட வேண்டும். உள்ளே போவதைவிட வெளியே வருவது நீளமாக இருக்க வேண்டும். இது போதாதென்று ஒரு பலூன்! தோளும் கழுத்தும் இறுகாமல் அதை ஊத வேண்டுமாம்.

ஊதினேன். கைநழுவியது. அறை முழுக்கச் சீறிச் சுற்றிவிட்டு ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் மடியில் போய் விழுந்தது.

"யாருக்குப் பொறந்த நாளு?" என்றார்.

தூக்கமா? அதைக் கேட்காதீர்கள். (யாரிடம் சொல்கிறேன்?)

மார்ச் 12, வியாழன்

சிரத்தையாகத் தூங்க முயன்று களைத்துப்போனேன்.

மார்ச் 16, திங்கள்

இன்று பிசியோவிடம் மானம் போயிற்று. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மூச்சை இழுத்தேன். அப்படியே பிடித்துக்கொண்டேன். "ஏம்மா நிறுத்திட்டீங்க?" என்றாள். வாய் தவறிச் சொல்லிவிட்டேன் — "சிவப்பு விளக்குக்குக் காத்திருக்கேன்."

ஒலிபரப்பு அறையில் விளக்கு எரியத் தொடங்கும்வரை மூச்சைப் பிடித்துத் தயாராக உட்கார்ந்திருப்பேன். எரிந்ததும் ஆரம்பிப்பேன். வாக்கியத்தின் கடைசியிலும் முழுவதையும் விட்டுவிட மாட்டேன். எந்த நேரத்தில் புதுத் தாளைக் கொண்டுவந்து நீட்டுவார்களோ, கொஞ்சம் கையிருப்பு வேண்டாமா? அதைத்தான் கட்டிலிலும் செய்துகொண்டிருந்திருக்கிறேன். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்து, விளக்கு எரியக் காத்திருந்திருக்கிறேன்!

அந்தப் பெண் சிரிக்கவில்லை. விலா எலும்பின் மேல் இரண்டு கைகளையும் வைத்தாள். "மிச்சம் வைக்கறீங்க. யாரும் எதுவும் கேக்கப் போறதில்ல. முழுசா விடுங்க. இன்னும் இருக்கு... இன்னும்..."

விட்டேன். அடி மூச்சோடு அழுகையும் வந்துவிட்டது. எதற்கு அழுகை? யாராவது செத்தார்களா? ஒருத்தர் பத்தடி தள்ளி சோபாவில் படுக்கிறார், அவ்வளவுதானே? அவ்வளவுதான். அதற்குத்தான் அழுதேன். கையில் பலூன் வேறு.

மார்ச் 17, செவ்வாய்

கழுத்து கொஞ்சம் இளகியிருக்கிறது. தூக்கம் மட்டும் வந்தபாடில்லை.

மார்ச் 20, வெள்ளி

தினமும் சாயங்காலம் நான் வேலைக்குக் கிளம்பும்போது, "தூங்கினியா?" என்று கேட்பார். "எங்க!" என்பேன். இன்று கேட்கவில்லை. சலித்துவிட்டதா?

சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் வந்திருக்கிறது. அதன் மேல் தண்ணீர், மூக்குக்கண்ணாடிக் கூடு, முதுகுக்குத் தடவுகிற தைலம். ஒரு தனிக்குடித்தனமே நடக்கிறது. ஒருவேளை அவருக்கு அதுவே வசதியாகிவிட்டால்? "வந்து படுங்களேன்" என்று கூப்பிடலாம்தான். கூப்பிட்டு, கட்டிலை ஆட்டி, காலையில் எங்காவது சிக்னலில் அவர் கண் சொக்கினால்? வேண்டாம். எந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியும்?

மார்ச் 24, செவ்வாய்

ஒரு பொட்டுத் தூக்கமில்லை. பலூன் ஊதி, முழங்காலுக்குத் தலையணை வைத்து, விலாவை விரித்து, எல்லாம் முறைப்படி செய்தாயிற்று. அதிசயம் என்னவென்றால் ஹாலில் குறட்டையே கேட்கவில்லை. சோபா அவரைக் குணப்படுத்திவிட்டது! நான் வேலைக்கு நடுவே வகுப்புக்குப் போய் உதடு குவித்துக்கொண்டிருக்கிறேன். அவர் சும்மா படுத்தே தேறிவிட்டார். கொடுத்துவைத்தவர்.

மார்ச் 26, வியாழன்

காலையில் பார்த்தால் அவருடைய கைக்கடிகாரம் என் கட்டிலோரத்து மேசையில். கண்ட இடத்தில் போட்டுவிட்டுப் போவதே வழக்கமாகிவிட்டது. போன் போட்டுத் திட்டினேன்.

"சரி சரி" என்று சிரித்தார். எனக்கு இரவெல்லாம் கண் எரிச்சல், இவருக்குச் சிரிப்பு.

மார்ச் 27, வெள்ளி

"கழுத்து நல்லா மெத்துனு ஆயிடுச்சே! கண்ணுக்குக் கீழ இருந்த கருப்பும் போயிடுச்சு. தூங்கறீங்கதானே?" என்றாள் பிசியோ.

"பவுடர் போட்டிருக்கேன்" என்றேன்.

"ராத்திரி மணி பாப்பீங்களா?"

"விடிய விடியப் பாத்துட்டுதான் இருக்கேன்."

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

யோசித்தேன். சொல்லத் தெரியவில்லை. தூக்கமில்லாதவளுக்கு ஞாபகமும் போகும் என்று சமாளித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 29, ஞாயிறு

ஏதோ சத்தம் கேட்டு விழித்தேன். ஜன்னலில் நல்ல வெயில். கீழே யாரோ லாரியைக் கிளப்ப முடியாமல் திணறுகிறார்கள் என்று நினைத்தேன். லாரி என் இடது பக்கத்தில் படுத்திருந்தது.

வாயைத் திறந்துகொண்டு, போர்வையில் முக்கால்வாசியை இழுத்துக்கொண்டு, சுகமான தூக்கம். ஞாயிற்றுக்கிழமை, பஸ் கிடையாது. தோளைத் தட்டினேன்.

"எப்ப வந்தீங்க?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "திங்கக்கிழமை."

"எந்தத் திங்கக்கிழமை?"

"போன திங்கக்கிழமைதான். நீ படுத்துக்கிட்டு உஸ்சு உஸ்சுனு ஊதுவ. கொஞ்ச நேரத்துல சத்தம் அடங்கிடும். எட்டிப் பாத்தா அடிச்சுப் போட்ட மாதிரி கிடப்ப. வந்து படுத்துப்பேன். நான் காலைல எழுந்து போறதுகூட உனக்குத் தெரியாது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா, நிஜமாவே தூங்கறோமான்னு நீ முழிச்சு முழிச்சுப் பாத்துட்டு இருப்பியே."

இந்த மனிதருக்கு என்னைத் தெரிந்த அளவுக்கு எனக்கே என்னைத் தெரியாது போலிருக்கிறது. வாரம் முழுக்க "கண் மூடவில்லை" என்று செய்தி வாசித்திருக்கிறேன். ஒன்றுகூட உண்மையில்லை. காதோரம் இந்த லாரி ஓடியிருக்கிறது, எனக்குக் கேட்கவேயில்லை.

சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப் போய்விட்டார். அவர் குறட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஹாலுக்குப் போய் ஸ்டூலை எடுத்துச் சமையலறையில் போட்டுவிட்டு வந்தேன்.

இன்று ராத்திரி இந்தக் குறட்டையைக் கேட்பதற்காகவே கொஞ்ச நேரம் விழித்திருக்க வேண்டும். முடிந்தால்.