எலும்புக்குள் போன சேதி

மார்ச் 4
ஸ்கூல் பஸ்ஸை மாற்று டிரைவரிடம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மகளின் எலும்பு மஜ்ஜை ரத்தம் செய்வதை நிறுத்தி நான்கு மாதம். என் ஸ்டெம் செல்கள்தான் பாதியாவது பொருந்துகின்றனவாம். டாக்டரம்மா விளக்கினார்: "அது தன்னை மாதிரியே இன்னொண்ணு ஆகலாம், இல்ல ரத்தமா மாறலாம். எதுன்னு சுத்தியிருக்கிற செல்கள்தான் சேதி அனுப்பும்." அவை என் எலும்பை விட்டு வெளியே வர ஐந்து நாள் ஊசி, அதுவும் ஒரு சேதிதானாம். அறிவியலில் முப்பத்தாறு வாங்கியவனுக்கு எவ்வளவு பெரிய வேலை!

மார்ச் 6
இடுப்பெலும்பு விண்விண் என்று தெறிக்கிறது. மருந்து கேட்கிறது என்று அர்த்தமாம்.

மார்ச் 7
வீட்டிலேயே போட்டுக்கொள்ளக் கொடுத்த மீதி இரண்டு ஊசியை நேற்று ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். குளிர் கூடினால் நல்லது என்று எந்த மடையன் சொன்னான்? நான்தான். கல்லாகக் கிடந்ததை உள்ளங்கையில் உருக்கிப் போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 9
ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரிக்கும் மெஷினோடு ஐந்து மணி நேரம் கிடந்தேன். தேவையில் பாதிதான் கிடைத்தது. நர்ஸிடம் உளறிவிட்டேன்.
"உறைஞ்சதைப் போடக் கூடாதுன்னு அட்டையிலயே இருக்கேண்ணே!"
டாக்டரம்மா, "அதனாலதான்னு சொல்ல முடியாது. புது ஊசி போட்டு நாளைக்கு மறுபடி எடுக்கலாம்" என்றார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 11
நேற்று எடுத்ததையும் சேர்த்து மகளுக்கு ஏற்றினார்கள். சின்னப் பை, அவ்வளவுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மகள் போனில்: "அப்பா, இனிமே எனக்கும் ரிவர்ஸ் எடுக்க வராதா?"
"போடி கழுதை."

மார்ச் 28
பதினேழாம் நாள். இதற்குள் ஏறியிருக்க வேண்டிய வெள்ளையணு பூஜ்யம்.

ஏப்ரல் 4
பூஜ்யம். என் செல்கள் அங்கே போய் என்னதான் செய்கின்றன? அவற்றோடு யாருமே பேசவில்லையா? இல்லை, நான்தான் கெடுத்தேனா? மகளிடம் ஃப்ரீசர் கதையைச் சொல்லிவிட்டேன். காய்ச்சலிலும் கையை ஆட்டினாள். "விடுப்பா. உன் செல்தானே? உன்ன மாதிரியே வழி கேக்காம சுத்திட்டிருக்கும்." சிரிக்கப் பார்த்தேன். என்னத்தச் சிரிக்க...

ஏப்ரல் 9
காய்ச்சல் இறங்கினால் என்னிடம் மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள்.

ஏப்ரல் 12
இறங்கவில்லை.

மே 2
செல் கொடுத்தவர்களையும் கூப்பிட்டுச் சோதிப்பார்களாம். போனேன். நர்ஸ் என் முகத்தைப் பார்க்காமல் தாளைப் படித்தார். வெள்ளையணு, சிவப்பணு எல்லாம் சரியாம். "எடுத்ததெல்லாம் திரும்ப வளர்ந்திருச்சுண்ணே."
வீட்டில் மனைவி யாருக்காவது கொடுக்கலாம் என்று மகளின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.
"என்ன சொன்னாங்க?"
"எனக்கு எதுவும் குறையலையாம்."
மடித்த சட்டையை விரித்தாள். மறுபடி மடித்தாள்.