கைப்பிடிக் கம்பியும் காலி நாற்காலியும்

மார்ச் 4
இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோனதில் பேருந்து ஓட்டும் வேலை போயிற்று. தினமும் நாலு வரி எழுதினால் கை பழகும் என்கிறார் பயிற்சி கொடுக்கும் அம்மா. காலுக்குத் தெருக்கோடிப் பூங்காவில் நடை. அங்கே பாதையோரம் கைப்பிடிக் கம்பி இருக்கிறது. அதைப் பிடித்தால்தான் என்னால் நடக்க முடியும்.

மார்ச் 9
பூங்காவை எடுத்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் கட்டப் போகிறார்களாம். அடப்பாவிகளா! நான் எங்கே போய் நடப்பேன்? தெருவே திரண்டு நாடாளுமன்ற உறுப்பினரிடம் மனு கொடுத்தது. பெரிய இடமாகப் போய் முட்டினால்தானே வேலை நடக்கும்?

மார்ச் 17
“இது எங்க வேலை இல்லை, நகராட்சிக்குப் போங்க” என்று அனுப்பிவிட்டார்கள். தெருவே அசடு வழிந்தது.

எங்கள் தெரு மருந்துக் கடைக்காரம்மாதான் என் மனைவிக்கு விளக்கினாராம். குழாய்த் தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு, குப்பை வண்டி, அந்தக் கைப்பிடிக் கம்பிகூட நகராட்சி மன்றம் முடிவெடுத்து வந்ததுதானாம். எத்தனை வருடம் இந்தச் சாலைகளில் பேருந்து ஓட்டினேன்! ஆறு மாதிரி அவையும் தானாகக் கிடக்கின்றன என்றல்லவா இருந்துவிட்டேன்.

மார்ச் 26
மனைவி தையலை ஓரம் வைத்துவிட்டு என்னை மன்றக் கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாமாம்! சாதாரண அறை. ஒருவர் கொட்டாவி விட்டார், ஒருவர் தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். அதற்கு நடுவில் பூங்கா வந்தது. “ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க.” அவ்வளவுதான். நான் இனி நடப்பேனா என்பது அந்தக் கைகளில் தொங்கியது.

இரண்டு பக்கமும் சமம். எங்கள் வார்டு உறுப்பினர் இறந்துபோனதால் அவர் நாற்காலி மட்டும் காலி. இடைத்தேர்தல் முடிந்த பிறகு முடிவு என்று தள்ளிவைத்தார்கள். அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மெய்சிலிர்த்தது.

ஏப்ரல் 11
இடைத்தேர்தலில் மருந்துக் கடைக்காரம்மா நிற்கிறார், பூங்கா வேண்டும் என்று. எதிரே ஒரு காண்டிராக்டர், வண்டி நிறுத்துமிடத்துக்காக. மாடியில் இருக்கும் மைத்துனன் சிரிக்கிறான். “மாமா, கவுன்சிலர் எலெக்‌ஷனுக்குப் போய் இவ்வளவு அலட்டிக்கிறீங்களே!”

ஏப்ரல் 20
ஓட்டுப் போட்டேன். மறைப்புக்குப் பின்னால் இடது கையால் பொத்தானை அழுத்தினேன். கோயிலுக்குள் நிற்பது மாதிரி ஏதோ ஒன்று.

மைத்துனன் விடுமுறை கிடைத்ததென்று குடும்பத்தோடு அருவிக்குப் போய்விட்டான். “நீங்க போடறீங்கல்ல, போதும் மாமா.”

ஏப்ரல் 21
இரண்டு பேருக்கும் ஒரே எண்ணிக்கை! மறுபடி எண்ணினார்கள். மாறவே இல்லை. சட்டப்படி சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டுமாம் — இவ்வளவு பெரிய ஊர் மூச்சுப் பிடித்துக்கொண்டு ஒரு கிண்ணத்தைப் பார்த்தது! அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டை எடுத்தார்.

காண்டிராக்டர்.

ஏப்ரல் 22
மாடியிலிருந்து யாரும் இறங்கி வரவில்லை. அங்கே நாலு ஓட்டு இருக்கிறது. ஒன்று... ஒன்றே ஒன்று போதுமே! கோபப்படத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. ஒரு ஆள் இவ்வளவு கனமா என்று மலைத்துப்போய் இருக்கிறேன்.

மே 14
மன்றத்தில் ஒரு கை கூடுதலாக எழுந்தது. பூங்காவுக்குப் பூட்டு.

மே 16
விடிந்ததும் கதவு தட்டும் சத்தம். மைத்துனன். முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. “கிளம்புங்க மாமா, தெருவுல நடக்கலாம்” என்று தோளைக் கொடுத்தான்.

தெரு மேடும் பள்ளமும். அவன் சட்டையை இறுக்கிப் பிடித்தபடி நடந்தேன். பூங்காவின் பூட்டின கதவைத் தாண்டினோம்.

“அடுத்த எலெக்‌ஷன் எப்போ மாமா?”

“ரெண்டு வருஷம் ஆகும்டா.”

ஒரு பள்ளத்தைத் தாண்ட என் கையைப் பிடித்துவிட்டான்.

“சரி. அதுவரைக்கும் தினமும் நான் வர்றேன்” என்றான்.