அவருடைய பின்னணி, என்னுடைய கேபிள்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் சாப்பாட்டு மேசையில்தான் வேலை. ஸ்டூடியோ எனக்கென்று அனுப்பிய டாக் பெட்டி உள்ளே அறையில் இருக்கிறது. அதில் இவர் தன் லேப்டாப்பைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "ஒரு மணி வரைக்கும்தான். வரிசையா மீட்டிங் இருக்கு. மத்தியானத்துக்கு மேல நீ வச்சுக்கோ." வச்சுக்கோவாம்! என் பெயருக்கு வந்த சாமானை எனக்கே தானம் செய்கிறார்.

அந்தப் பெட்டி எதற்கு வந்தது என்று இந்த வீட்டில் யாருக்கும் அக்கறை இல்லை. இங்கேயாவது எழுதி வைக்கிறேன். நான் படத்தொகுப்பு செய்கிறவள். இப்போது கையில் இருப்பது ஒரு கால்பந்து நடுவரைப் பற்றிய ஆவணப்படம். நடுவர் ஒரு பெண். எடுத்த காட்சிகள் எல்லாம் வேறு ஊரில், ஸ்டூடியோவின் சர்வரில் இருக்கின்றன. வைஃபையில் இழுத்தால் ஒரு ஷாட் வந்து சேர்வதற்குள் எனக்கு வயதாகிவிடும். அதனால்தான் வீடுவரை தனியாக ஃபைபர் லைன் இழுத்துக் கொடுத்தார்கள். மஞ்சள் கேபிள் சுவரிலிருந்து வந்து பெட்டியின் பின்பக்கம் ஏறுகிறது. முன்பக்கத்திலிருந்து லேப்டாப்புக்கு ஒரே ஒரு வயர். இரண்டு திரை, சார்ஜ், லைன் எல்லாம் அதற்குள்ளேயே.

இழுக்க வந்தவர்கள் போகும்போது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். "உள்ள இருக்கறது கண்ணாடி. மடிக்காதீங்க, நசுக்காதீங்க." இவரும் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

இவருக்கு மனதில் நின்றது அந்த 'ஒரே வயர்' மட்டும்தான்.

மார்ச் 5, வியாழன்

காலையில் ஸ்டூடியோ மேலாளர் கூப்பிட்டார். முதல் பாதி எப்போது கிடைக்கும் என்று கேட்கத்தான். நான் வாயைத் திறக்கவும் அடுப்பில் குக்கர் விசிலடிக்கவும் சரியாக இருந்தது. "என்ன மேடம், இன்னைக்கு லீவா?" என்றார். சிரித்து வைத்தேன். எதற்குச் சிரித்தேன்? எழுதும்போது பற்றிக்கொண்டு வருகிறது.

மத்தியானம் அறை காலியானது. சிவப்பு அட்டை காட்டும் காட்சியை எடுத்துக்கொண்டேன். ஒரு அணியே அந்தப் பெண்ணைச் சூழ்ந்துகொண்டு கத்துகிறது. அவள் ஒரு அடி பின்னால் வைக்கவில்லை. வாயும் திறக்கவில்லை. அட்டையை உயர்த்தியபடி நிற்கிறாள். அதற்கு முன்னால் வரும் விசிலை எந்த நொடியில் வைப்பது என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாலிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார்: "ஏம்மா, அந்தக் குக்கர் எத்தனை விசில்தான் அடிக்கும்? யாராவது இறக்கக் கூடாதா?"

இந்த வாரத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். எழுந்து வந்து, அது குக்கர் இல்லை, படத்தில் நடுவர் ஊதும் விசில் என்று சொன்னேன். "சரி, அந்தப் பொண்ணு ஜெயிச்சாளா?" என்று கேட்டார். "நடுவர் எப்படி மாமா ஜெயிப்பாங்க?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதானே, பாவம்" என்றார். இந்த வீட்டில் என் படத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினால் அறை தலைகீழாக மாறிக் கிடக்கிறது. மேசையைத் திருப்பிப் போட்டு, புத்தக அலமாரியை மூலைக்குத் தள்ளி, பக்கத்தில் ஒரு தொட்டிச் செடி வேறு. மீட்டிங்கில் இவருக்குப் பின்னால் வயர் தொங்குவது தெரிகிறதாம், யாரோ கிண்டல் செய்தார்களாம். "பாரு, ஒரு வயராவது கண்ணுக்குத் தெரியுதா?" என்று பெருமையாகக் கேட்டார். தெரியவில்லைதான். பார்க்க லட்சணமாகவும் இருந்தது. "தேங்க்ஸ்" என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

படம் திக்குகிறது. ஒரு ஷாட் ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. பந்து காலை விட்டுக் கிளம்பி அந்தரத்திலேயே நிற்கிறது. பெட்டியில் பச்சை விளக்கு என்னவோ ஒழுங்காக எரிகிறது. நேற்றும் இப்படித்தான் இருந்தது. ஸ்டூடியோ பக்கம் ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 11, புதன்

இவரிடம் சொன்னேன். "எனக்கு நல்லாத்தானே வருது? காலையில முழுக்க பேசினேன், ஒரு தடவைகூட நிக்கலையே. உன் சாஃப்ட்வேர்ல ஏதாவது தப்பா அழுத்தியிருப்ப."

தப்பா அழுத்தியிருப்பேனாம். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதருடைய பாஸ்வேர்டை ஞாபகம் வைத்திருப்பது யார்?

மார்ச் 13, வெள்ளி

மேலாளர் இன்று சுற்றி வளைக்கவில்லை. "மேடம், எங்க பக்கம் எல்லாம் செக் பண்ணியாச்சு. எரர் உங்க வீட்டுப் பக்கத்துல இருந்துதான் வருது. கேபிளை கவனமா வச்சுக்கச் சொல்லித்தான் கொடுத்தோம்." அதாவது நான் கவனமில்லாதவள். இங்கே வந்து உட்கார்ந்து முடித்துக் கொடுங்கள், இல்லையென்றால் வேறு எடிட்டரிடம் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். இரவு முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊர் அது. போய் மாதக்கணக்கில் எங்கே தங்குவது?

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். "விடு, அடுத்த படம் வராமலா போயிடும்?" என்று கேட்டுவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார்.

இவர் மீட்டிங்கை யாராவது பறித்துக்கொண்டால் இப்படி மோர் இறங்குமா?

மார்ச் 14, சனி

லேப்டாப்பை அழித்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினேன். முன்பக்க வயரை மாற்றினேன். பெட்டியை அணைத்து, ஆறவிட்டு, மறுபடி போட்டேன். அதே திக்கல். ஒருவேளை எனக்குத்தான் தெரியவில்லையோ? எல்லாரும் ஒரே வாயாகச் சொல்கிறார்களே.

மார்ச் 16, திங்கள்

முதல் பாதி கையை விட்டுப் போய்விட்டது. இன்னொரு எடிட்டரிடம் கொடுத்துவிட்டார்கள். படத்தின் இயக்குநர் தானே போன் செய்து சொன்னாள். சின்னப் பெண், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். "உங்களுக்காகத்தான் அக்கா நான் அவங்ககிட்ட சண்டை போட்டு இந்த லைனையே வாங்கினேன். என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். குரல் உடைந்திருந்தது.

ரெண்டாவது பாதியும் போயிடுமோ. போயிடும். போனா இனி எவன் என்னை நம்பி படம் தருவான்? வீட்ல உக்காந்து பண்றேன்னு சொன்னாலே, ஓ, லைனைக் கெடுத்த அம்மாவான்னு கேப்பாங்க —

மார்ச் 17, செவ்வாய்

ஒன்றும் செய்யவில்லை. துணி மடித்தேன்.

மார்ச் 19, வியாழன்

ஸ்டூடியோவில் நெட்வொர்க் பார்க்கும் பெண் இன்று பேசினாள். இயக்குநர் பிடித்த பிடியில் பேச வைத்திருக்கிறாள். வேகமாகப் பேசுகிற பெண், ஆனால் நான் சொன்னதை முழுசாகக் கேட்டாள். காலையில் கணவருக்கு நன்றாக வருகிறதே என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"அவர் ஃபைபரைத் தொடவே இல்ல மேடம். காலையில உங்க லைன் சும்மாதான் கிடக்குது. அவர் ஆபீஸ்ல, லேப்டாப் வெளி லைன் எதையும் எடுக்காதபடி பூட்டி வச்சிருப்பாங்க. உங்க வீட்டு வைஃபைலதான் பேசிட்டிருக்கார்."

ஆக, இத்தனை நாளும் காலை முழுக்க என் லைனை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் அதில் ஒரு சொட்டுக்கூட எடுக்கவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒரு திரை, ஒரு சார்ஜர், பின்னால் ஒரு புத்தக அலமாரி. அதற்காக நான் சாப்பாட்டு மேசையில் குக்கர் பக்கத்தில்!

கேபிளைச் சோதிக்க ஒரு விளக்கு அனுப்புகிறேன் என்றாள் அந்தப் பெண்.

மார்ச் 21, சனி

விளக்கு வந்தது. தடித்த பேனா மாதிரி இருக்கிறது. மஞ்சள் கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றி அதன் முனையில் மாட்டி அழுத்தினால் உள்ளே சிவப்பு வெளிச்சம் ஓடும். கேபிள் நன்றாக இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. எங்கே மடிந்திருக்கிறதோ, நசுங்கியிருக்கிறதோ, அங்கே கசியும். முனையை மட்டும் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மாமனார் திரைச்சீலைகளை இழுத்து மூடினார். அறை மங்கலானது. விளக்கை அழுத்தினேன். மேசை ஓரமாக ஒன்றும் இல்லை. சுவர் ஓரமாகவும் ஒன்றும் இல்லை. அலமாரிக்குப் பின்னாலிருந்துதான் ஒரு சிவப்புப் புள்ளி எட்டிப் பார்த்தது. அலமாரியை இரண்டு பேருமாக நகர்த்தினோம்.

அங்கே கேபிள் மூலையில் கூர்மையாக மடிக்கப்பட்டு, சுவரோடு சேர்த்து கிளிப் வைத்து ஆணி அடிக்கப்பட்டிருந்தது. ஒன்றல்ல, வரிசையாக. ஒவ்வொரு கிளிப்புக்கு அடியிலும் சிவப்பு. மடிப்பில் எல்லாவற்றையும்விட அதிகம்.

மீட்டிங்கில் அழகாகத் தெரிய வேண்டுமே!

சத்தம் கேட்டு இவர் வந்து வாசலில் நின்றார். மாமனார்தான் அலமாரியிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார்: "ஆணி அடிச்சது யாருடா?"

ஆணிகளைப் பிடுங்கி, கேபிளை வளைவாகத் தளர விட்டேன். பெட்டியில் மாட்டியதும் அந்தரத்தில் நின்ற பந்து வலைக்குள் போய் விழுந்தது. ஒரு குறடும் கொஞ்ச நேரமும் போதுமாயிருந்தது. அதற்குள் பாதிப் படம் போய்விட்டது.

மார்ச் 22, ஞாயிறு

"இப்பல்லாம் கிளிப் எதுவும் சரியா வர்றதில்ல" என்றார், காப்பி குடித்துக்கொண்டே.

கிளிப்பாம்!

நல்லா கேட்டேன். வீடே கேக்கற மாதிரி கேட்டேன். மடிக்காதீங்கன்னு சொன்னப்ப தலையாட்டினது யாரு, உன் சாஃப்ட்வேர்ல தப்புன்னு சொன்னது யாரு, என் பொழைப்புல கை வச்சுட்டு மோர் ஊத்திக்கிட்டது யாருன்னு. இவர், "இப்ப என்ன, மன்னிப்பு கேக்கணுமா?" என்கிறார். எனக்கு மன்னிப்பு வேண்டாம். அதை வைத்து நான் என்ன செய்வது? மேலாளருக்குப் போன் செய்து, கெடுத்தது நான், அவளில்லை என்று சொல்லட்டும். அங்கே என் பெயர் கவனமில்லாதவள் என்று கிடக்கிறது.

"முன்னப்பின்ன தெரியாத ஆள்கிட்ட நான் எதுக்கு அசிங்கப்படணும்?"

நான் படலாம். எனக்குப் பழக்கம்தானே.

மார்ச் 24, செவ்வாய்

பேசிவிட்டேன் என்றார். நம்பினேன். சாயங்காலம் மேலாளரே கூப்பிட்டார். "உங்க வீட்டுக்காரர் பேசினார் மேடம். ஏதோ சின்ன டெக்னிக்கல் விஷயம், சரி பண்ணியாச்சுன்னார். இனிமே கொஞ்சம் பார்த்துக்குங்க."

பூசி மெழுகிவிட்டார். நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

மார்ச் 25, புதன்

சாப்பாட்டு மேசையில் இவர் எதிரே உட்கார்ந்து மேலாளருக்குப் போன் போட்டேன், ஸ்பீக்கரில்.

"சார், லைன் கெட்டது என் கவனக்குறைவுன்னு நினைச்சு படத்தைப் பிரிச்சீங்க. கேபிளை மடிச்சு ஆணி அடிச்சவர் இங்கேயே இருக்கார். அவரே சொல்வார்."

போனை மேசை நடுவில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். அந்த நடுவர் அட்டையை உயர்த்திவிட்டு நிற்பாளே, அவளைத்தான் நினைத்துக்கொண்டேன். ஏதாவது சொல்லி இவரைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. அதுதான் எனக்குப் பழகிப்போயிருக்கிறது. கடித்துக்கொண்டேன்.

இவர் தொண்டையைக் கனைத்தார். "அது வந்து சார்... ஒரு சின்ன..." என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை.

"நான்தான் சார் மடிச்சேன். மீட்டிங்ல வயர் தெரியக் கூடாதுன்னு. அவங்க அன்னைக்கு வீட்லயே இல்ல. மடிக்கக் கூடாதுன்னு எனக்கும் சொல்லியிருந்தாங்க. நான் காதுல வாங்கல."

மேலாளர், "மேடம், நான் தப்பா பேசிட்டேன்" என்றார். ஆமாம் என்றேன். பரவாயில்லை என்று சொல்லவில்லை.

ஹாலில் மாமனார் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

மார்ச் 30, திங்கள்

இரண்டாவது பாதி எனக்கே. முதல் பாதி போனது போனதுதான், வேலை பாதி நடந்துவிட்டதாம். படத்தில் இரண்டு எடிட்டர்கள் பெயர் வரும். வயிறு எரியாமல் இல்லை. முழுசாக என்னுடையதாக இருந்திருக்க வேண்டிய படம்.

இயக்குநர் சொன்னாள்: "அந்த சிவப்பு அட்டை சீன் நீங்க வெட்டினபடியேதான் இருக்கு அக்கா. அந்த இன்னொரு எடிட்டர் கை வைக்கப் பார்த்தார், நான் விடல."

ஆணி போன ஓட்டைகளை அடைத்து வண்ணம் பூசிவிடவா என்று இவர் கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

ஏப்ரல் 6, திங்கள்

காலையிலேயே அறையில் உட்கார்ந்துவிட்டேன். கடைசி மேட்ச். ஓட்டிக்கொண்டிருக்கும்போது விசில் கேட்டது. இந்த இடத்தில் விசில் கிடையாதே என்று படத்தை நிறுத்தினேன். மறுபடி அடித்தது. குக்கர்.

சாப்பாட்டு மேசையில் இவருடைய மீட்டிங் நடந்துகொண்டிருந்தது. லேப்டாப்பில் யாரோ சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்ன சார், இன்னைக்கு லீவா?"

ஹாலிலிருந்து மாமனார், "டேய், இந்தத் தடவை நிஜக் குக்கர்தான். போய் இறக்கு" என்றார்.

"இல்ல சார், லீவெல்லாம் இல்ல. ஒரு நிமிஷம், அடுப்பை அணைச்சுட்டு வந்துடறேன்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நிறுத்திய இடத்திலிருந்து ஓட்டினேன்.