காலிப் பெட்டிக்கு வாய்க்கரிசி

நன்னிலம்
ஐப்பசிக் கடைசி

அன்புள்ள எழில்மொழிக்கு,

உடம்பளவில் நானும் அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம். டப்ளின் குளிரில் உன் மூக்கடைப்பு தேவலையாகி, நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று எண்ணிக்கொள்கிறேன். போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று கேட்பாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், சொல்ல வேண்டியதோ அவரைப் பற்றி. சம்பா நடவு முடிந்துவிட்டது. மழை கொஞ்சம் அதிகம், பள்ளத்து வயலில் நாற்று முங்கி நிற்கிறது, வடிந்தால் பிழைத்துக்கொள்ளும்.

அப்பாவின் டிவி பைத்தியம் உனக்குத் தெரியும். புயலில் கப்பலிலிருந்து உன் அண்ணன் பரிதியை அலை கொண்டுபோய்விட்டது, தேடியும் கிடைக்கவில்லை என்று கடற்படையிலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போனதிலிருந்து, கப்பல் படம், ராணுவப் படம், மொழி தெரியாத சீரியல் என்று எதையும் விடுவதில்லை. கடலில் விழுந்தவன் இடைவேளைக்குப் பிறகு தாடியோடு வந்து நிற்பான், உடனே என்னைக் கூப்பிட்டு, பாத்தியா, மீன்பிடி படகுல ஏத்திக்கிட்டாங்கல்ல என்பார். படத்தில் வருவான் என்பேன். நீ கெமிஸ்ட்ரி படிச்சவ, உனக்கு எல்லாம் சோதிச்சுப் பாக்கணும் என்பார். பரிதியின் போட்டோவை வைத்தாவது காரியம் பண்ணிவிடலாம் என்று சொந்தக்காரர்கள் வந்தபோதும், உடம்பைக் காட்டுங்க, அப்புறம் பேசலாம் என்று எழுந்து போய்விட்டார். ஒவ்வொரு தீபாவளிக்கும் பரிதிக்கென்று ஒரு சட்டை எடுத்து அலமாரியில் வைப்பார். நான் தடுத்ததில்லை, ஆனால் அந்தச் சட்டைகளைத் தொட்டதும் இல்லை.

புரட்டாசியில் நம் தெருவுக்கே சினிமாக்காரர்கள் வந்தார்கள். கடற்படை வீரன் ஒருவனுடைய பெட்டி ஊருக்கு வருகிற காட்சியாம், கொடி போர்த்தி, வெள்ளை உடுப்பு மாட்டிய பையன்கள் தூக்கிவர, ஊரே கூடி அழ வேண்டுமாம். பள்ளிக்கூடம் இருந்தால் பாடம் எடுக்கவென்று போயிருப்பேன், சனிக்கிழமையாகப் போயிற்று. அப்பாவைப் போகாதீர்கள் என்றேன், சும்மா கூட்டத்தோட நிக்கிறதுதானே என்று துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் ஜன்னலோரம் நின்றுகொண்டேன்.

முதல் தடவை பெட்டி எதிர்வீட்டைத் தாண்டியதுதான் தாமதம், நம் கண்ணாத்தாள் பெரியம்மா குடத்தோடு வந்து வாசலிலிருந்து தெருமுழுக்கத் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள். காய்ந்த தெருவில் எடுத்த காட்சி, மறுபடி எடுக்க வேண்டும், தெருவெல்லாம் சேறு. உதவி டைரக்டர் பையன் தலையில் கை வைத்துக்கொண்டு, யம்மா, அது காலிப் பெட்டிம்மா என்றான். காலியோ நெறஞ்சதோ, பெட்டி வாசலைத் தாண்டிப் போச்சுல்ல, கழுவாம எப்புடிப்பா அடுப்பு பத்தவைக்கிறது என்றார்கள். உண்மையில் அன்று தெருவில் ஒரு வீட்டிலும் காலையிலிருந்து அடுப்பு எரியவில்லை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை எழில். சினிமா என்று எல்லோருக்கும் தெரியும்.

தெரு காய்ந்து மறுபடி எடுத்தபோது பெட்டியை இறக்கிவைத்துத் திறந்தார்கள். பையன்கள் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்கள், உள்ளங்கையை விரித்துக் காட்டி. லீவில் வரும்போதெல்லாம் டிவியைப் பார்த்துப் பரிதி சிரிப்பானே, கப்பக்காரன் கை அழுக்கு, உள்ளங்கை வெளியில தெரியக் கூடாதும்மா என்று, அதேபோல் அடித்தார்கள். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். ஓரத்தில் நின்ற பையனின் கையைப் பிடித்து, கீழ பாத்தாப்புல வைப்பா என்று திருத்தினார். அப்புறம் துண்டு முனையை அவிழ்த்தார். வீட்டிலிருந்தே அரிசி முடிந்துகொண்டு போயிருக்கிறார். பெட்டிக்குள் தலைமாடு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று தரம் கையைக் கவிழ்த்து அரிசியைப் போட்டார். யாரும் அவரை அழச் சொல்லவில்லை, அவரும் அழவில்லை. பெண்கள்தான் பரிதி பேரைச் சொல்லியே அழுதார்கள். கேமரா ஓடிற்றா நிறுத்தினார்களா தெரியாது, நான் பார்க்கவில்லை.

விவரம் கேட்டுக்கொண்ட உதவி டைரக்டர் பையன் ஓடிவந்து, ஐயா, மனசை விட்டுடாதீங்க, கதைப்படி இவன் சாகலை, கிளைமாக்ஸ்ல திரும்பி வந்துடுவான் என்று ஆறுதல் சொல்லியிருக்கிறான். நல்ல பிள்ளை. அப்பா அவன் தோளைத் தட்டி, உங்க கதையில வரட்டும் தம்பி, நல்லாயிருக்கட்டும் என்றாராம். பிறகு வாசல் வழியாக வரவில்லை. கொல்லைப்பக்கம் நின்று, உள்ளே வராமல், மலரு, ஒரு வாளித் தண்ணி எடுத்துவை, தலைக்கு ஊத்திக்கிட்டு வரேன் என்று குரல் கொடுத்தார். அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சமையலறையில் நின்றேன். ஈரத் தலையோடு வந்தவர், தை அமாவாசைக்குக் கோடியக்கரையில காரியத்தை முடிச்சுடுவோம், எழிலுக்குச் சொல்லிடு என்றார். அதன் பிறகு டிவி போடுவதில்லை. அவர் நம்பிக்கொண்டிருந்த தைரியத்தில்தான் நான் நம்பாதவளாக இருந்திருக்கிறேன் போலிருக்கிறது.

லீவுக்கு இப்போதே சொல்லிவை. வரும்போது எதுவும் வாங்கி வராதே. அங்கே குளிரில் வழுக்கும் தெருவில் பார்த்து நட. அப்பாவிடம் போனில் இதையெல்லாம் கேட்காதே, மழை எப்படி என்று மட்டும் கேள். அந்தப் படம் வந்தால் நீ பார்க்க வேண்டாம். இன்னொன்று. இந்தத் தீபாவளிக்கு அப்பா பரிதிக்குச் சட்டை எடுக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நான் ஒன்று எடுத்துவிட்டேன், நீலத்தில். அவருக்குத் தெரியாமல் என் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. என்ன செய்வதென்று நீ வந்து சொல்.

நீ நீண்ட நாள் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

உன் அம்மா,
மலர்க்கொடி