விளிம்புக்குத் தனி புரோகிராம்

மார்ச் 4

மதிப்புக்குரிய இளைய சகலைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ போன் செய்தால் நான் எடுப்பதில்லை என்பதைக் கண்டுபிடிக்க உனக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது. உன் மூளையின் வேகத்துக்கு இது பரவாயில்லை.

ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியை வார்க்க எஃகில் மோல்டு, அதாவது அச்சு, செய்கிறாயாம். வளைவு வழவழப்பாக வரவேண்டிய இடத்தில் பட்டை பட்டையாக வருகிறதாம், எஃகை வெட்டும் மெஷின் குலுங்குகிறதாம். கம்ப்யூட்டருக்கு வளைவு தெரியாதப்பா. அதைக் குட்டிக் குட்டி நேர்க்கோடுகளாக நறுக்கித்தான் மெஷினுக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு கோடு முடியும் இடத்திலும், இருட்டில் படியிறங்குகிறவனைப் போல் மெஷின் தயங்குகிறது. தயங்கிய இடமெல்லாம் எஃகில் தழும்பு.

அந்தத் தழும்பைப் போக்கும் வித்தையைத்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் நீ வாடிக்கையாளர் முன்னால் நின்று, "டூல் போற பாதையை வழவழன்னு ஆக்கறது எப்படின்னு நானே யோசிச்சு கண்டுபிடிச்சேன் சார்" என்றாய். கண்டுபிடித்தவன் உன் முதுகுக்குப் பின்னால் எண்ணெய்க் கையோடு நின்றிருந்தான். "சின்ன மாப்பிள்ளை கெட்டிக்காரர்" என்று நம் மாமனார் உன் தோளைத் தட்டினார். அடுத்த வாரம் நான் அவர் பட்டறையை விட்டு வெளியேறினேன். இன்னொரு முறை நீயே யோசித்துக் கண்டுபிடியேன்.

ஒன்று மட்டும் ஓசியில் சொல்கிறேன். வேண்டாத துண்டில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கும் பொறுமை உனக்கு இந்த ஜென்மத்தில் வராது. முதலில் நல்ல எஃகில் கைவைப்பாய், பிறகு தலையில் கைவைப்பாய்.

இப்படிக்கு,
உன் முதுகுக்குப் பின்னால் நின்றவன்

பி.கு.: கடிதத்தை உன் வீட்டுக்காரியிடம் கொடுத்தனுப்பாதே. அக்காவும் தங்கையும் படித்துச் சிரித்து முடித்த பிறகுதான் என் கைக்கு வருகிறது.


மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

திட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டேன். சொன்னபடி இந்த முறை தபாலில்.

அன்று நான் சொன்னது பொய். பயத்தில் சொன்னேன் என்று சமாதானம் சொல்ல மாட்டேன். சொல்லிப் பார்க்க ஆசையாக இருந்தது, சொன்னேன்.

நீங்கள் போட்டுவைத்த அளவுகள் பழைய மெஷினோடு போய்விட்டன. இது புதியது, என் பேச்சைக் கேட்பதில்லை. எஃகு வாடிக்கையாளர் கொடுத்தது. அது பாழானால் அவர் போய்விடுவார். அவர் போனால் பட்டறைக்குப் பூட்டு வாங்க வேண்டியதுதான். மாமா காலையில் வந்து மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்கிறார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போகிறார். அவர் திட்டினால்கூடத் தேவலை.

வழி சொல்லுங்கள். மோல்டு நல்லபடியாக வந்தால், மாமா முன்னாலும் வாடிக்கையாளர் முன்னாலும் இது பெரியவர் வேலை என்று நானே சொல்வேன். நீங்களும் திரும்பி வந்துவிடுங்கள். உங்கள் நாற்காலியில் நான் யாரையும் உட்காரவிடவில்லை. அதன் ஒரு கால் ஆடுகிறது என்பதும் ஒரு காரணம்.

உங்கள் தம்பியாக,
இளையவன்


மார்ச் 13

சகலை,

கெஞ்சும்போது உன் எழுத்து அழகாக இருக்கிறது. தொழிலை மாற்றிக்கொள்ளலாம்.

எழுதிக்கொள். கோடுகளை இன்னும் பொடியாக நறுக்கச் சொல். புள்ளிகள் ஒரே இடைவெளியில் விழவேண்டும். டூல் போகும்போது மட்டும் வெட்டட்டும். வரும்போது தூக்கிக்கொண்டு வரட்டும். போகும்போதும் வெட்டி வரும்போதும் வெட்டினால் பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டாது, நம் இரண்டு பேரைப் போல.

கடைசியாக, மெஷினில் பாதையை வழவழப்பாக்கும் அளவைத் தாராளமாகத் திறந்துவிடு. சுருக்கிப் பிடித்தால் அது ஒவ்வொரு புள்ளியையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் நகரும். தாராளமாக விட்டால் புள்ளிகளைத் தொடாமலே ஒரே ஓட்டம். முழு மோல்டுக்கும் இந்த ஒரே புரோகிராம் போதும். மேற்கொண்டு கேள்வி கேட்டு எழுதாதே.

வாடிக்கையாளர் என்றைக்கு வருகிறார் என்று மட்டும் தெரிவி. வேடிக்கை பார்க்கவாவது வருகிறேன்.

பெரியவன்


மார்ச் 21

மதிப்புக்குரிய மூத்த சகலைக்கு,

நீங்கள் எழுதியபடியே செய்தேன். மெஷின் குலுங்கவில்லை. வளைவில் ட்யூப்லைட் வெளிச்சம் எங்கும் உடையாமல் ஓடியது. கண் நிறைந்துவிட்டது.

பிறகு ஓரத்தைப் பார்த்தேன். தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வந்து உட்காரவேண்டிய விளிம்பு கத்தி போல நிற்பதற்குப் பதில், சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி மழுங்கியிருந்தது. வளைவுக்கு நல்லது செய்த அதே தாராளம் விளிம்பைத் தின்றுவிட்டது. அந்த ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு மழையில் போனால் தண்ணீர் மூக்கில் இறங்கும்.

நல்லவேளை, அது வேண்டாத அலுமினியத் துண்டு. இந்த ஜென்மத்தில் வராது என்று எழுதியிருந்தீர்களே, அந்த ரோஷத்தில் முதலில் அதில்தான் ஓட்டினேன். உங்கள் யோசனை கெடுக்க இருந்த எஃகை உங்கள் வசவு காப்பாற்றியது. பிறகு விளிம்பைப் பிரித்து, அளவைச் சுருக்கி, அதற்கென்று தனி புரோகிராம் எழுதினேன். மோல்டு சரியாக வந்தது. வாடிக்கையாளர் நேற்று எடுத்துப் போய்விட்டார்.

அந்தக் காலத்தில் நீங்கள் வளைவு முடிந்ததும் மெஷினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவீர்கள். வந்து வேறொரு புரோகிராமைப் போடுவீர்கள். அது எதற்கென்று இப்போதுதான் புரிந்தது. எழுதும்போது மறந்திருப்பீர்கள் என்று நம்பப் பார்த்தேன். "ஒரே புரோகிராம் போதும்" என்ற வரி நம்பவிடவில்லை.

மாமா அந்த அலுமினியத் துண்டை எடுத்து விளிம்பை நகத்தால் தடவினார். உங்களிடமிருந்து பதில் வந்தது அவருக்குத் தெரியும்.

"யார் சொல்லி இப்படி ஓட்டினீங்க மாப்பிள்ளை? பெரியவரா?"

"இல்ல மாமா. நானே யோசிச்சதுதான்."

"அதானே பார்த்தேன். அவர் கை பட்டா இப்படி வராதே."

ஆக, உங்கள் வேலையை என் வேலை என்று இரண்டாவது முறையாகச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை உங்களுக்குக் கோபம் வராது.

நாற்காலியை வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். காலைச் சரிசெய்தாகிவிட்டது. வீட்டில் உட்கார வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
இளைய சகலை