பாளயத்துக்குப் புறம்பே

என் அருமைத் தங்கச்சி எஸ்தருக்கு, மெட்டுகுடாவிலிருந்து உன் அண்ணன் எழுதுகிறேன்.

நீ எங்களை விட்டுப் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இந்தக் கடிதத்தை முதலில் நம் சபையின் மாத இதழுக்குத்தான் கொடுத்தேன். "ஐயா, இது வேண்டாமே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் வெளிப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உனக்கு நான் செய்த தப்பை ஊரறியச் செய்தேன். அதை ஊரறியத்தான் சொல்ல வேண்டும்.

படிக்கிறவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நம் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு இங்கே, இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்தவர். அதே ஒர்க்‌ஷாப்பில் நான் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டர். எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்கவில்லை. வேதாகமமும் ஒத்துவாக்கியப் புத்தகமும்தான் எனக்கு வாத்தியார்கள். ஒத்துவாக்கியத்தில் ஒரு வார்த்தையைத் தேடினால் வேதாகமத்தில் அது வரும் வசனமெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். யார் எதைச் சொன்னாலும் நான் அதைத் திறந்துவிடுவேன். "எங்க அண்ணன் ஃபிட்டர் இல்ல, வக்கீல்" என்று நீ எல்லாரிடமும் சொல்லுவாய்.

ராமச்சந்திராபுரம் ஃபாக்டரியில் வேலை பார்த்த மாப்பிள்ளைக்கு உன்னைக் கட்டிக் கொடுத்தோம். அங்கே டவுன்ஷிப்புக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட ஒரு ஹாலில், கைதட்டிப் பாடி ஆராதிக்கிற சபை ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டாள் என்று போனாய். அப்புறம் நம் சபைக்குத் திரும்பி வரவே இல்லை. அந்த வருஷமே ஹாலுக்குப் பின்னாலிருந்த தொட்டியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாய். குழந்தையில் நம் ஆலயத்தில் பெற்ற ஞானஸ்நானத்தை அது அவமதிக்கிறது என்றேன். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன்.

அந்தக் கோபத்தில் அடுத்த மாதமே நம் சபைக் கமிட்டியில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். வேறு சபையில் முழுக்கு எடுத்தவர்களுக்கு நம் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. என் கையாலேயே மினிட்ஸ் புத்தகத்தில் எழுதினேன். எதிர்த்து ஒருவரும் பேசவில்லை. கேள்விப்பட்டதும் நீ சிரித்தாய். "எனக்குன்னே ஒரு சட்டமா அண்ணே? மோசேக்குப் பிறகு நீதான்."

நான் சிரிக்கவில்லை. நீ எனக்கு ஏழு வயது இளையவள். நான்தான் முதலில் போவேன், என் கண்ணெதிரே அந்தத் தீர்மானம் உன்மேல் விழாது என்று உள்ளுக்குள் நினைத்திருந்தேன். எவ்வளவு கோழைத்தனமான நினைப்பு, பார்த்தாயா?

அதற்குப் பிறகு நாற்பது வருஷம் நமக்குள் நடந்தது வழக்குத்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டு பஸ் மாறி நீ மெட்டுகுடா வருவாய். சாப்பிடுவதற்கு முன் ஜெபம் பண்ணும்போது இரண்டு கையையும் தூக்குவாய். குழம்புச் சட்டிக்கு மேலே உன் கை நிற்கும்.

"கையை இறக்கு, ஏட்டி. போலீஸ்காரன் பிடிச்ச மாதிரி நிக்க."

"ஆமாண்ணே, பிடிபட்டுட்டேன். அதான் தூக்கியிருக்கேன்."

நீ பஸ் ஏறியதும் உன்னைத் தோற்கடிக்க ஒத்துவாக்கியத்தைத் திறந்தேன். சங்கீதங்களில் எங்கே பார்த்தாலும் உயர்த்திய கைகள். எபிரெயத்தில் துதிக்கிறதுக்கு உள்ள ஒரு சொல்லுக்குள்ளேயே கை இருக்கிறது என்று ஒரு பழைய விளக்கவுரை சொன்னது. மலைமேல் மோசேயின் கை தளர்ந்தபோது ஆரோனும் ஊர் என்பவரும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்தார்கள். கை உயர்ந்திருந்த வரைக்கும் கீழே இஸ்ரவேலர் ஜெயித்தார்கள். பவுலும் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, ஆண்கள் பரிசுத்தமான கைகளை உயர்த்தி எங்கும் ஜெபிக்க வேண்டும் என்கிறார். அடுத்த மாதம் நீ வந்தபோது, "ஆண்கள்னுதான் போட்டிருக்கு, பொம்பளைங்கன்னு இல்ல" என்று மட்டும் சொன்னேன். "சரி, அப்ப நீ தூக்கு" என்றாய்.

ஸ்தோத்திரபலிக்கும் அப்படித்தான் சண்டை. ஒரே வார்த்தையை, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று நூறு தடவை நீங்கள் எல்லாரும் சேர்ந்து சொல்வீர்கள். வாயால் சொல்வது எப்படிப் பலி ஆகும், பலி என்றால் ஆடு வேண்டாமா என்று கேட்டேன். எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் அந்தச் சொல் அப்படியே இருந்தது. உதடுகளின் கனியே பலி என்று விளக்கமும் அங்கேயே இருந்தது. அந்த ஒரு வசனத்தை நோட்டில் எழுதி, பக்கத்தில் 'எஸ்தர் சொன்னது சரி' என்று போட்டேன். உன்னிடம் சொல்லவில்லை.

எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆனபோது, பையில் எண்ணெய்ச் சீசாவோடு வார்டுக்கு வந்தாயே, நினைவிருக்கிறதா?

"நக்கோ, வேண்டாம் எஸ்தர். யாக்கோபு என்ன எழுதியிருக்காரு? வியாதிக்காரன் சபையோட மூப்பர்களைக் கூப்பிடணும். அவங்கதான் எண்ணெய் பூசணும். நீ மூப்பரா?"

"உங்க மூப்பருங்க எத்தனை பேர் வந்தாங்க அண்ணே?"

ஒருவரும் வரவில்லை. அத்தனை வருஷம் கமிட்டியில் உழைத்தவன் நான். நான்கு நாளாகக் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். நீ பதிலுக்குக் காத்திராமல் என் நெற்றியில் பூசினாய். அது புருவத்தில் வழிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எண்ணெய் கண்ணில் பட்டுவிடுமே என்று மூடியதாகச் சொன்னேன். நீ நம்பவில்லை.

யாருக்கும் புரியாத மொழியில் ஜெபிக்கிற அந்நிய பாஷை விஷயத்தில் மட்டும் நீ என்னை அசைக்க முடியாது என்று நினைத்திருந்தேன். அர்த்தம் சொல்ல ஆளில்லாவிட்டால் சபையில் பேசாதே என்று பவுல் கொரிந்தியருக்குத் தெளிவாக எழுதியிருக்கிறார். மாப்பிள்ளை பக்கவாதத்தில் நினைவில்லாமல் கிடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் இரும்பு நாற்காலியில் நீ உட்கார்ந்திருந்தாய். உன் வாயிலிருந்து வந்தது தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. பல வருஷமாகத் தயாராக வைத்திருந்த வசனத்தை நான் அன்று எடுக்கவில்லை. அது சபை இல்லை, வராந்தா. என்ன வேண்டிக்கொள்வதென்று நமக்குத் தெரியாதபோது ஆவியானவரே நமக்காகப் பெருமூச்சு விடுகிறார் என்று ரோமருக்கும் பவுல்தானே எழுதினார்? அன்றைக்கு உனக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை, இல்லையா? மாப்பிள்ளை பிழைக்க வேண்டும் என்றா, கஷ்டப்படாமல் போக வேண்டும் என்றா? சபை நடுவில் எல்லாரும் ஒன்றாகப் பேசுவது தப்பு. அதை நான் விட மாட்டேன். ஆனால் அந்த நாற்காலியில் நீ செய்தது ஜெபம். நான் ஜெபம் என்று செய்ததெல்லாம் புத்தகத்தைப் பார்த்து வாசித்ததுதான்.

பிறகு நீ முந்திக்கொண்டாய்.

உன் மகள் ஷீபா போன் பண்ணி அழுதாள். "மாமா, பாட்டி பக்கத்துலதான் வைக்கணும்னு அம்மா சொல்லிட்டே இருந்தாங்க." நம் அம்மாவும் அப்பாவும் இருக்கிற வரிசையில் இரண்டு இடம் காலி என்பது உனக்குத் தெரியும். ஒன்று எனக்கு. மற்றது உனக்கென்று அப்பா எழுதி வைத்தது. நான் கிளம்புவதற்குள் நம் சபைச் செயலாளர் ஜெபராஜ் மினிட்ஸ் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"ஐயா, இது உங்க எழுத்துதானே? நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

அவர்மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? என் எழுத்து அழகாக இருந்தது. நாற்பது வருஷத்தில் மை கூட மங்கவில்லை. கமிட்டியைக் கூட்டி அதை மாற்ற ஒரு வாரமாவது வேண்டும். உன்னை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு ஷீபா காத்திருந்தாள். நான் போய்ச் சொன்னதும் என் முகத்தைப் பார்க்காமல், "சோடோ மாமா, விடுங்க" என்றாள். கோபம் வந்தால் அவள் ஹிந்திக்குப் போய்விடுவாள், உனக்குத் தெரியுமே. ராமச்சந்திராபுரத்தைத் தாண்டி, உங்கள் சபை வாங்கிப் போட்டிருந்த நிலத்தில் உன்னை வைத்தோம். சுற்றிலும் சுவர் கூடக் கிடையாது.

ஒரு மாதம் கழித்து ஷீபா உன் வேதாகமத்தை என்னிடம் கொடுத்தாள். நான் உனக்குச் சரி போட்ட அந்த ஸ்தோத்திரபலி வசனத்தில் நீ கோடு போட்டிருப்பாய் என்று எடுத்துப் பார்த்தேன். அதில் கோடு இல்லை. அதற்கு மேலே இருந்த வசனங்களில் இருந்தது. நகர வாசலுக்கு வெளியே இயேசு பாடுபட்டார். அதனால் நாமும் அவருடைய நிந்தையைச் சுமந்துகொண்டு, பாளயத்துக்குப் புறம்பே அவரிடத்துக்குப் போவோம். நமக்கு இங்கே நிலையான நகரம் இல்லை. இவ்வளவும் சொன்ன பிறகுதான் ஸ்தோத்திரபலி வருகிறது.

எஸ்தர், ஒத்துவாக்கியம் ஒரு வசனத்தைத்தான் காட்டும். அதன் பக்கத்து வீட்டைக் காட்டாது. நான் நாற்பது வருஷமும் அப்படித்தான் படித்திருக்கிறேன், ஒவ்வொரு வசனமாகக் கழற்றி எடுத்து. நீ அந்தப் பக்கத்தை முழுதாகப் படித்திருக்கிறாய். பாளயத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள் செலுத்துகிற பலி அது என்று தெரிந்துதான் நூறு தடவை சொன்னாயா? தள்ளியவன் அண்ணன் என்று தெரிந்துமா மாதாமாதம் இரண்டு பஸ் மாறி வந்தாய்?

அடுத்த கமிட்டியில் எழுந்து நின்று, என் தீர்மானத்தை நீக்க வேண்டும் என்று கேட்டேன். கை உயர்த்துவதற்கும் எண்ணெய்க்கும் வேதத்தில் உள்ள ஆதாரத்தையெல்லாம் சொன்னேன். லேவியராகமத்தில் எண்ணெய் யாருக்கு? குஷ்டம் நீங்கினவனுக்கு. வலது காது மடலிலும், வலது கைப் பெருவிரலிலும், வலது கால் பெருவிரலிலும் பூசி, வெளியே இருந்தவனை ஆசாரியன் உள்ளே சேர்க்கிறான். "சேர்க்கிறதுக்குத்தான் எண்ணெய். நாம தள்ளுறதுக்குச் சட்டம் வெச்சிருக்கோம்" என்றேன். ஒருவர் மணி பார்த்தார். இன்னொருவர், "ஐயாவுக்குத் தங்கச்சி நினைப்பு" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

ஜெபராஜ் நல்ல பையன்தான். "ஐயா, தீர்மானம் இருக்கட்டும். உங்க சேவைக்காக ஒரு விதிவிலக்கு எழுதிடலாம். அம்மா கல்லுல எஸ்தர் அக்கா பேரையும் பொறிச்சுக்கோங்க" என்றார்.

"எனக்கு மட்டும் எதுக்கு? புருஷனை இங்க வெச்சுட்டு, முழுக்கு எடுத்துட்டு, தான் எங்க போவோமோன்னு உக்காந்திருக்கிற விதவைங்க இந்த மெட்டுகுடாவிலேயே இருக்காங்க. போட்டது எல்லாருக்கும். எடுக்கிறதும் எல்லாருக்கும் எடுங்க."

அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள். அதற்கடுத்த கூட்டத்திலும் தள்ளி வைத்தார்கள். உன் பெயரைப் பொறிக்க ஒத்துக்கொண்டிருக்கலாமே என்று ஷீபா கேட்கிறாள். நீ சொல், ஒத்துக்கொண்டிருக்க வேண்டுமா?

போன வாரம் ஜெபராஜிடம் ஒரு கடிதம் கொடுத்தேன். அம்மா பக்கத்தில் எனக்கிருந்த இடம் எனக்கு வேண்டாம் என்று எழுதியிருந்தேன். அவர் பதறிப்போனார். "அம்மா பக்கத்து இடம் ஐயா! அப்புறம் எங்க போவீங்க?"

"வெளியே" என்றேன்.

அங்கிருந்து நேரே ராமச்சந்திராபுரம் போனேன். உங்கள் சபைப் பாஸ்டர் தெலுங்குப் பையன், நம் தமிழை உடைத்து உடைத்துப் பேசுகிறான். நான் ஒளிக்கவில்லை. "தம்பி, நான் முழுக்கு எடுக்கல. எடுக்கவும் மாட்டேன். உங்க ஆராதனைச் சத்தமும் எனக்கு ஒத்துக்காது. என் தங்கச்சி பக்கத்துல எனக்கு இடம் கிடைக்குமா?"

"அது எல்லாம் எவரு கேட்டாங்க, பெத்தய்யா?" என்றான். "வலது பக்கம் காலியாத்தான் உண்டு."

இதற்காக அவனுக்குக் கமிட்டி வேண்டியிருக்கவில்லை, புத்தகமும் வேண்டியிருக்கவில்லை. நாங்கள் தள்ளிய நீ அவர்களுக்குப் பிள்ளையாகக் கிடைத்தாயே என்று அப்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

எஸ்தர், என் வாக்கு இது. மூச்சு இருக்கும் வரை மாதாமாதம் கமிட்டி மேசையில் அந்தத் தீர்மானத்தை வைப்பேன். எழுதின கையே அதை அடிக்கும் வரை விட மாட்டேன். அப்படி அடித்த பிறகும் உன்னைத் தோண்டி இங்கே எடுத்து வர மாட்டேன். நீ நகர வேண்டாம், இந்தத் தடவை நான் இரண்டு பஸ் மாறி வருகிறேன். அம்மாவுக்கு அப்பா துணை இருக்கிறார். உனக்கு நான்.

கடைசிவரை உன்னோடு ஒத்துப்போகாத, உன் கூடப்பிறந்த ஒரே அண்ணன்,
ஞானமுத்து